ஜலீலா டைப்பிஸ்ட் அல்ல

ஜலீலா போய்விட்டாள். நேற்று காலை. மாரடைப்பு. குளச்சலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

நாகர்கோவிலில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் கம்பெனியில் ஆறு வருஷம் எனக்குப் பக்கத்து சீட். அந்தக் கம்பெனி இன்று தன் பேஜில் போட்டிருக்கிறது: "எங்கள் முன்னாள் டைப்பிஸ்ட் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்."

டைப்பிஸ்டா?

கமென்ட்டில் கேட்டேன். பத்து நிமிஷத்தில் டெலீட். நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். பரவாயில்லை, இங்கே எழுதுகிறேன்.

நர்சிங் பிள்ளைகளுக்கான ஒரு பாடப்புத்தகம். லேடெக் என்கிற பக்க அமைப்பு மென்பொருளில் செய்துகொண்டிருந்தோம். கடைசி நேரத்தில் எடிட்டர் ஒரு பத்தியைத் தூக்கி வேறு இயலில் வைத்தார். அதில் "குழந்தைகளுக்கான மருந்து அளவுக்குப் பிரிவு 2 பார்க்க" என்று இருந்தது.

ஒவ்வொரு இயலிலும் பிரிவு எண் ஒன்றிலிருந்து தொடங்கும். பத்தி போய்ச் சேர்ந்த இயலில் பிரிவு 2 என்பது... பெரியவர்களுக்கான அளவு.

ஜலீலா மட்டும்தான் அதைக் கண்டுபிடித்தாள். "ஏட்டி, இத நம்பி ஒருத்தி ஊசி போட்டா அந்தக் கொச்சுப் புள்ளைக்கி என்ன ஆவும்?"

ஒரு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் உட்கார்ந்து ஒரு மேக்ரோ, அதாவது இதைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு குட்டி நிரல், எழுதினாள். எந்தப் பிரிவைச் சொல்கிறோம் என்று மட்டும் கொடுத்தால் போதும். அதே இயலுக்குள் என்றால் "பிரிவு 2" என்று வரும். வேறு இயல் என்றால் "இயல் 4, பிரிவு 2" என்று அதுவே எழுதும். முன்னால் வந்ததா, இனிமேல்தான் வருமா என்பதையும் பார்த்துச் சொல்லும். பத்தியை எங்கே தூக்கிப் போட்டாலும் தானே மாறிக்கொள்ளும்.

வீடியோ காலில் கிளையன்ட் அசந்துபோய், யார் செய்தது என்று கேட்டார். எங்கள் மேனேஜர் கூசாமல் சொன்னார், "எங்க சிஸ்டம் டீம்."

அப்படி ஒரு டீமே கிடையாது! நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயே திறக்கவில்லை.

ஜலீலா எட்டி மைக்கை ஆன் பண்ணினாள். "அந்த சிஸ்டம் டீம் நான்தான் சார்."

அடுத்த வாரமே அவளைப் பழைய தாள்களை ஸ்கேன் பண்ண அனுப்பினார்கள். நாள் முழுக்க அதே வேலை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள்... ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெட்கங்கெட்டவர்கள், அதற்குப் பிறகும் மேக்ரோவில் எரர் வந்தால் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். அவளும் சரிசெய்து அனுப்புவாள்.

"ஒனக்கு ரோஷமே கெடையாதாட்டி? எதுக்குச் செஞ்சு குடுக்க?" என்று சண்டையே போட்டிருக்கிறேன்.

"அவனுவளுக்கா செய்யுதேன்? படிக்குற புள்ளைகளுக்குல்லா மக்கா."

நேற்று அவள் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மக்களே, அவ அங்க என்ன வேல பாத்தா? கேட்டா கம்ப்யூட்டர்னு மட்டுந்தான் சொல்லுவா."

சொன்னேன். மருந்து அளவு, மேக்ரோ, எல்லாம்... எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை.

"அப்போ எம்மொவ நல்ல வேலதானே செஞ்சிருக்கா?"

"ஆமா உம்மா."

"பின்ன எதுக்கு மக்களே அவள அங்கேருந்து வெரட்டுனானுவ?"

...

போய் வா ஜலீலா. உன் கபுர்க்குழி வெளிச்சமாக இருக்கட்டும்.