வயலில் நின்ற காஜா அண்ணன்

செய்தி வந்தபோது ஆட்டத்துக்குள் நாம் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். உங்களுக்கு நினைவிருக்கும். கிருஷ்ணன்கோவிலில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு போனில் நம் ஆட்டத்துக்குள் போனேன். இணைப்பு ஒரே இழுவை. வெட்டிய மரம் திரும்பவும் முளைத்து நின்றது. பத்தடி நடந்தால் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. ராஜபாளையத்தில் காஜா அண்ணன் வீட்டில் யாரோ வீடியோ காலில் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. வழக்கப்படி அவரவர் உருவத்தை இருந்த இடத்திலேயே உட்காரவைத்தோம்.

அண்ணனைத் தெரியாதவர்கள் யாராவது இதை வாசிக்கலாம். காஜா மைதீன் ராஜபாளையத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். வீட்டு உள்ளறையில் ஒரு கணினியை வைத்து, வீட்டு இணைய இணைப்பிலேயே நமக்காக ஓர் ஆட்டத்தை நடத்தினார். மண் வெட்டி, வீடு கட்டி, பயிர் வைக்கிற ஆட்டம். நாம் கட்டியது அத்தனையும் அந்த ஒரு கணினிக்குள்தான் இருந்தது. புதிதாக யார் வந்தாலும் அண்ணன் எழுதி வைத்த வரிதான் முதலில் வரவேற்கும்: “இது கம்பெனி சர்வர் இல்ல, எங்க வீடு. செருப்பக் கழட்டிட்டு வாங்க.”

உட்காரும் வழக்கமும் அந்த வீட்டால் வந்ததுதான். அண்ணனின் மனைவி சபியா மதினிக்கு ஒரு தங்கை துபாயில் இருக்கிறார். அவர் வீடியோ காலில் வந்தால் இணைப்பு இரண்டுக்கும் தாங்காது. “கொழுந்தியா லைன்ல இருக்கா, எல்லாரும் செத்த நேரம் உக்காருங்க” என்று அண்ணன் எழுதுவார். அவர் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் முத்துக்குமாரும் நம்மோடு விளையாடுகிறவர்தான். ஆட்டத்துக்கு முன்னுரிமை கொடுத்து அந்த அழைப்பை அமுக்கிவிடலாம் என்று ஒருமுறை யோசனை சொன்னார். “ஏலே, அவ அக்கா மொகத்தப் பாக்கக் கூப்பிடுதா. ஒன் மரம் எங்கயும் ஓடிறாது” என்று அண்ணன் அதோடு முடித்துவிட்டார்.

அன்றைக்கு நாம் உட்கார்ந்தே இருந்தோம், இழுவை நிற்கவில்லை. “அண்ணே, கொழுந்தியா இன்னும் வைக்கலையா?” என்று நான்தான் முதலில் கேலி செய்தேன். பிறகு ஆளாளுக்குச் செய்தீர்கள். அண்ணனின் உருவம் பொதுவயலில் பச்சைச் சட்டையோடு நின்றது, பதில் சொல்லவில்லை. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் உருவம் எந்நேரமும் அங்கேதான் நிற்கும். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அந்த ஆட்டத்தில் பயிர் வளரும். நமக்கெல்லாம் வேலை இருக்கிறதே என்று, ஒரு பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்து, தன் உருவத்தை வயலில் நிறுத்திவிட்டுத்தான் அவர் கடைக்குப் போவார். “நீங்க சோலியப் பாருங்க, நான் நிக்கேன்” என்பார்.

முத்துக்குமார் போனில் அழைத்தார். “செல்வி, அண்ணன் எறந்துட்டாரு.”

“சும்மா வெளையாடாதீங்க. வயல்லதான நிக்காரு. இப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றேன்.

“காலையில கடையில சாஞ்சவருதான். இப்ப வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு.”

நாம் சிரித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்த இணைப்பில் போய்க்கொண்டிருந்தது அவருடைய சாவுச் செய்தி. துபாய்க்குப் போயிருக்கும், இன்னும் எங்கெங்கோ போயிருக்கும். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அடக்கம் முடிந்த பிறகும் அவர் நின்றார். பயிர் விளைந்து முற்றியது, அறுக்க ஒருவரும் போகவில்லை. ஆட்டத்தில் மழை பெய்தபோது அவர் நனைந்துகொண்டு நின்றார். உங்களில் யாரோ அவர் காலடியில் ஒரு விளக்கு வைத்தீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, எடுத்துவிட்டேன். ஒருநாள் எதிரில் போய் நின்று “அண்ணே” என்று எழுதினேன். பயமாக இருந்தது. பதில் வந்துவிடுமோ என்றுதான் பயம்.

அவர் உருவத்தை நிறுத்திய லேப்டாப்பை அணைத்துவிடலாம் என்று குழுவில் முடிவானது. ஆனால் அதுவும் கணினியும் இருந்த உள்ளறையில் மதினி இத்தாவில் இருந்தார். கணவரை இழந்த பெண், நான்கு மாதத்துக்கும் மேல், வெளி ஆண்கள் முன் வராமல் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. நம் குழுவில் பெண் நான் ஒருத்திதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறினேன்.

“மரமா வெட்டிக்கிட்டு இருக்குற செல்வி நீங்கதானா?” என்று மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் கணினி உறுமிக்கொண்டிருந்தது. “இதத் தொடவே எனக்குப் பயம். பிளக்கப் புடுங்கினா எம்புட்டுப் பேரு வீடு போயிரும் தெரியுமான்னு அவிய சொல்லிக்கிட்டே இருப்பாக.”

லேப்டாப்பைத் தட்டினேன். திரையில் வயல் வந்தது, நடுவில் அவர். மதினி அதுவரை அந்த ஆட்டத்தை எட்டிப் பார்த்ததே இல்லையாம்.

“இது அவியளா?”

“ஆமா மதினி.”

“நாள் பூரா இங்கயா நின்னாக?”

“எங்க பயிரு வளரணும்னு நின்னாரு.”

மதினி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அணைக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். நான் உள்ள இருக்குற வரைக்கும் அவியளும் நிக்கட்டும். முடிஞ்சன்னைக்கு நானே அணைக்கேன்.”

எதை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பினேன். “அணைக்கத்தான போன?” என்றார் முத்துக்குமார். “நீங்க போய் அணைங்க பாப்போம்” என்றேன்.

போன மாதம் இத்தா முடிந்தது. மதினி சொல்லியனுப்பியபடி நாம் எல்லோரும் வயலுக்குப் போய்க் கதிரை அறுத்தோம். அறுத்த வயலில் அவர் மட்டும் நின்றார். மதினி போனில் இருந்தார். “எல்லாரும் அறுத்தாச்சா?” என்று கேட்டார். “ஆச்சு மதினி” என்றேன். ‘காஜா வெளியேறினார்’ என்று திரையில் ஒரு வரி வந்தது.

“போயிட்டாகளா?”

“போயிட்டாரு மதினி.”

அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். நானும் அழுதேன். மூக்கை உறிஞ்சிவிட்டு, “அப்ப அந்த வயலுக்கு இனிமே யாரு நிப்பா?” என்றார்.

“நான் நிக்கேன்.”

“வெயில்ல ரொம்ப நிக்காதீங்க” என்றார் மதினி.

கணினியை மதினி என்னிடமே கொடுத்துவிட்டார். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில் ஓடுகிறது. அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது, வயலில் அவர் நின்ற அந்த இடம். வேலைக்குக் கிளம்பும்போது என் உருவத்தை அங்கே நிறுத்திவிட்டுப் போகிறேன். மதியம் போனில் எட்டிப் பார்த்தால் சில சமயம் உங்களில் ஒருவர் வரப்பில் வருகிறீர்கள். தூரத்தில் ஆள் நிற்பதைக் கண்டதும் ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறீர்கள். நான் யாரென்று உடனே சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.