மீன்தலை மட்டும் வாங்குகிறவர்

பழனிசெட்டிபட்டியில் இருக்கும் என் மீன்கடைக்கு அவர் வாரம் தவறாமல் வருவார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. கத்தாளை மீனின் தலைகளை மட்டும் கேட்பார். அங்கேயே ஒன்றைப் பிளந்து, மொச்சைக்கொட்டை போன்ற வெள்ளைக் கல்லை எடுத்துத் துடைப்பார்.

"இத வச்சு என்னய்யா பண்றீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது மீனோட காதுக்கல்லு தங்கச்சி. மீனுக்கு மீன் வடிவம் மாறும். கொல்லம் பக்கம் பாறைக்குள்ள, லட்சக்கணக்கான வருசத்துக்கு முந்துன மீனுங்களோட கல்லு கெடக்கு. இதோட ஒப்பிட்டு, அது எந்த மீனுன்னு கண்டுபிடிக்கிறேன்."

ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். அடிப்பாறையில் எடுத்த, மிகப் பழைய கற்கள் பெரிதாக இருந்தன. மேலடுக்குக்கு வர வரச் சிறுத்துக்கொண்டே போயின. "கல்லு சிறுத்தா மீனும் சிறுத்துருக்குன்னு அர்த்தம்" என்றார்.

"அதுக்கும் மேல?"

"அதுக்கு மேல அந்த மீனே இல்ல."

டப்பாவை மூடியவர், "இப்ப வர்ற கத்தாளை முந்தி மாதிரி பெருசா இருக்கா?" என்றார்.

தராசில் ஒரு கிலோவுக்கு ஏழு மீன் கிடந்தது. முன்பெல்லாம் மூன்றுதான் நிற்கும்.

"சீசன் அப்படிங்கய்யா" என்று சமாளித்தேன்.

இப்போதும் வருகிறார். கல்லை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்க்கிறார். என்ன தெரிகிறது என்று கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.