ஏழாவது தளத்தின் மின்சாரம்

புதிதாக வந்த விண்வெளி நிலையக் கணினி விளையாட்டு அது. எந்தச் சிக்கலையும் நம் இஷ்டப்படி தீர்க்கலாம். லிஃப்டுக்கு மின்சாரம் போதவில்லை. ஏழாவது தளத்துக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினேன். துணை மின்நிலையத்தில் நான் தினமும் செய்கிற வேலைதானே! உடனே விளையாட்டின் ரேடியோவில் அந்தத் தளத்துப் பெண் ஒருத்தி காற்றில்லாமல் மூச்சுத் திணறினாள். திரும்பக் கொடுப்பதற்குள் அவள் குரல் அடங்கிவிட்டது. அன்றிரவு தூங்கவில்லை.

மறுநாள் பராமரிப்புக்காகக் கல்வராயன் மலை லைனை நிறுத்த வேண்டும். சுவிட்சில் வைத்த கையை எடுத்துவிட்டேன். மலையிலிருக்கும் லைன்மேனுக்கு போன் செய்தேன்.

"அண்ணா, கரண்ட்ட நிறுத்தணும். அங்க ஆஸ்பத்திரில இன்னா நடக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

ஐந்து நிமிடம் கழித்து அவரே அழைத்தார்.

"ஒரு கொழந்தைக்கு இளைப்பாம் சார். மூச்சு மெஷின் வச்சிக்கினு இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தேன். பன்னிரண்டு வருட வேலையில் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. கேட்காமல் நிறுத்திய நாட்களை நினைக்க இன்றும் தைரியமில்லை.