வெள்ளிக்கிழமைக் கலவாய்

பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில் நான் ஐந்து கலவாய் மீன்களின் வயிற்றைக் கிழித்துத் தைத்தவள். சிரிக்காதீர்கள், அதுதான் என் ஆய்வு. எண்பத்து மூன்றாம் ஆண்டு பங்குனியில், மயிலிட்டிக் கடலில், கராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீனை மயக்கி, சுண்டுவிரல் அளவான ஒலிக்குழாய் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்துவிடுவேன். பிறகு வள்ளத்தில் இருந்தபடி ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதில் மாட்டினால், மீன் நிற்கும் பக்கத்திலிருந்து டிக் டிக் என்று கேட்கும். கடலுக்கடியில் கிடக்கும் கற்பாறைக்கு அந்த ஊரில் 'பார்' என்று பெயர். கலவாய் தன் பாரை விட்டுப் போகுமா, போனால் திரும்பி வருமா என்பதுதான் கேள்வி. இரண்டு கிழமைக்குள் நான்கு குழாய்கள் ஊமையாகிவிட்டன. மிஞ்சிய ஒன்றில்தான் என் பட்டம் தொங்கிக்கொண்டிருந்தது.

கோப்பாயிலிருந்து சைக்கிளில் போவேன். வள்ளம் விட்ட அண்ணை அதிகம் கதைக்கமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவிதான் கதைப்பார். அந்த அக்கா என்னை ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. படிக்கிற பிள்ளை காய்ந்து கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லி மீன் கட்டித் தருவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பாரில் சத்தமே இல்லை. பக்கத்துப் பாரிலும் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை அண்ணையை அலைக்கழித்தேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கரைக்குத் திரும்பியபோது ஒலிவாங்கியை வெளியே எடுக்கக்கூட மனமில்லாமல் இழுபட விட்டிருந்தேன். இறங்குதுறைக்குக் கிட்ட வந்ததும் காதில் விழுந்தது, டிக், டிக். மீன் கரையேறிவிட்டதா என்ன!

இடுப்பளவு தண்ணீரில், கல் கட்டி அமிழ்த்திய மீன்கூடு ஒன்று. உள்ளே என்னுடைய கலவாய், வயிற்றில் என்னுடைய தையல். முதல்நாள் மாலை பக்கத்துப் பாரில் அண்ணை வைத்திருந்த கூட்டில் அகப்பட்ட ஏழெட்டில் அதுவும் ஒன்று. அண்ணை வயிற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை. அக்கா அதில் பெரியதைத் தெரிந்தெடுத்து எனக்கென்று ஒதுக்கியிருக்கிறார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, நீங்கள் மீன் மச்சம் தொடமாட்டியள். அதுதான் நாளைக்கு உயிரோடை தருவம் எண்டு போட்டு வச்சனான்," என்றார் அக்கா.

எங்கள் வீட்டு விரதம்தான் அந்த மீனைக் கறிச்சட்டியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அது விளங்குவதற்குள் நான் அண்ணையின் மேல் பாய்ந்து முடித்துவிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கூட்டைத் திறந்து மீனை அங்கேயே விட்டேன். அக்காவின் முகம் விழுந்துபோனது. கொடுத்த மீனை வேண்டாமென்றது அந்த வாசலில் நான் ஒருத்திதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் ஓடினேன். பழைய பாரின் மேல் வள்ளத்தை நிறுத்தி, காதில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒன்றும் இல்லை. அண்ணை துடுப்பை இரண்டு தரம் வலித்தார். டிக், டிக். யாரும் வழி காட்டாமல், இறங்குதுறையிலிருந்து தன் கல்லுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. பட்டம் என் கைக்கு வந்தது அந்த ஒரு மீனால்தான். அன்று அக்கா இரண்டு மீன்களையும் வயிற்றைப் புரட்டிக் காட்டிவிட்டே கட்டித் தந்தார்.

தொண்ணூறில் சண்டை வந்து மயிலிட்டியே இடம்பெயர்ந்தது. அண்ணையும் அக்காவும் எங்கள் கோப்பாய் வளவில் கொட்டில் போட்டு இருந்தார்கள். இராணுவம் நின்ற ஊர்ப் பக்கம் போய் எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. ஒருநாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று கேட்டார்.

"பிள்ளை, அந்தக் கலவாய் இப்பவும் அந்தப் பாரிலைதானே நிக்கும்?"

குழாயின் பற்றரி செத்து எத்தனையோ வருடம்.

"ஓம் அக்கா, அங்கைதான் நிக்குது," என்றேன்.