பூனைக்குக் கொடுத்த இடம்

எங்கள் பூனைக்குட்டியின் காதோரம் முடி கொட்டி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாகத் தோல் தெரிந்தது. அடுப்பில் சுட்டுக்கொண்டிருக்கும் என்று வீட்டில் எல்லோருமாக முடிவு செய்தோம். அது என் போர்வைக்குள்தான் தூங்கும். பத்துப் பதினைந்து நாளில் என் கையிலும் அதே வட்டம் வந்தது, ஓரம் சிவந்து ஒரே அரிப்பு. படர்தாமரை என்று அம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டாள். காலடியில் கிடந்த பூனையை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"ஸ்கூல்ல யார் பக்கத்துல உக்கார்ற?" என்றுதான் கேட்டாள்.

சங்கீதா பக்கத்தில். நான்காம் வகுப்பில் எனக்கு உயிர்த்தோழி. சிங்கவரத்தில் எங்கள் வீடு ஊருக்குள், அவள் வீடு காலனியில். செஞ்சிக்கு ஒரே பஸ்ஸில் போவோம். அவள் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மா "அதான் பாத்தேன்" என்றதும் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் அம்மா டீச்சரிடம் வந்து ஏதோ பேசினாள். சங்கீதா பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள். அங்கே அவள் மட்டும்தான்.

குப்பைமேனியை உப்போடு அரைத்துப் பூசியதில் கை எரிந்ததுதான் மிச்சம். பூனைக்கு இன்னும் இரண்டு வட்டம் வந்தது. நைனா அதைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என்னையும் செஞ்சி மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் பூனையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"பூனகிட்டருந்துதான் பாப்பாவுக்கு வந்திருக்குது. பாப்பாவ பெரியாஸ்பத்திரில காட்டுங்க. பூனைக்கு நான் மருந்து தரேன். முடி மொளைச்சிடுச்சின்னு பாதியில வுட்டுடாதீங்க."

அதன்பின் நடந்த கவனிப்பைச் சொல்ல வேண்டும். பூனைக்குப் பின்பக்கத்து அறை தனியாக ஒதுக்கப்பட்டது. தினமும் மருந்து, தொட்டால் சோப்பு, உதிர்ந்த முடியை உடனே கூட்டிவிடுவது. போர்வைகளை அம்மா வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டாள். ஒன்றரை மாதம் கழித்து டாக்டர் சரியாகிவிட்டது என்று சொன்னதும், அவளே கதவைத் திறந்து பால் ஊற்றினாள்.

"பாவம், வாயில்லா ஜீவன். எத்தினி நாளு தனியா கெடந்துது!"

எனக்கும் கை ஆறிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூனையிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்றால் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று பயந்தேன். அந்தப் பயத்தை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை. சங்கீதா கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"இன்னாடி, கை ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செஞ்சி வரைக்கும் அவள் நின்றுகொண்டே வந்தாள். சீட் காலியாக இருக்கும்போது எதற்கு நிற்கிறாள், நிற்கத்தான் பிடிக்கும்போல என்று நினைத்தேன். நான் கூப்பிடுவேன் என்று அவள் நின்றிருக்கிறாள். அது எனக்கு அப்போது புரியவில்லை.