நூல் அறுக்காத கத்தி

மாமா காட்டுக்குப் போகிறேன் என்று சொன்னது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை கிளம்புவதாகப் பேச்சு. கத்தியைச் சோதிக்க எனக்கு அந்த நடு நாட்கள் போதும்.

மாமா அம்மாவின் தம்பி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்பா தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கு, நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிப் போடுவது அவர் வேலை. அந்த ஆள் இல்லாவிட்டால் சேலை நகராது.

அதற்கு முந்தின வாரம் கேபிளில் தமிழ் பேசும் இங்கிலீஷ் படம் ஒன்றை மூன்று தரம் போட்டார்கள். ஒருத்தன் தனியாகக் காட்டில் மாட்டிக்கொள்கிறான். கையில் ஒரு கத்தி. அதை வைத்து மரம் அறுக்கிறான், மீன் பிடிக்கிறான், நெருப்பு மூட்டுகிறான், தன் காயத்தைத் தானே தைத்துக்கொள்கிறான். மாமா மூன்று தரமும் பார்த்தார். திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் சென்னைக்குப் பஸ் ஏறி, பாரிமுனை நடைபாதையில் அதே மாதிரிக் கத்தியை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்தார். முதுகில் ரம்பப் பல். பிடியின் மூடியில் திசை காட்டும் முள். பிடிக்குள் தீக்குச்சி, தூண்டில் நரம்பு, ஊசி.

அப்பா நாள் முழுக்கக் காத்திருந்தவர்.

"தறி சும்மா நிக்குது. நீ கத்தி வாங்கப் போயிக்கினு இருக்கிற. தண்டச்சோறு."

"இந்தக் கத்தி ஒண்ணு போதும் மாமா எனக்கு. காட்டுக்கே போயிடறேன். உங்க சோறு வேணாம்." அக்கா புருஷன் என்பதால் அவரும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"போ. வெள்ளிக்கிழமை நல்ல நாளு, போ."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. மிச்சம் இருந்த சேலைக்கு அம்மா உட்கார்ந்து கரை போட்டாள்.

எனக்கு அப்போது பத்து வயது. போகிறேன் என்றால் போவார் என்று நம்பினேன். கத்தி நல்லதென்றால் மாமா பிழைப்பார். மோசம் என்றால் காட்டில் செத்துப்போவார். எது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் பார்க்கிற மாதிரித் தெரியவில்லை. நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மாமா டீக்கடைக்குப் போகும் நேரமெல்லாம் கத்தி என் கையில்.

செவ்வாய்க்கிழமை முருங்கைக் கிளையை அறுத்தேன். முருங்கை, கையால் ஒடித்தாலே ஒடியும். பல் இடுக்கெல்லாம் பட்டை அடைத்துக்கொண்டது. கிளை அப்படியே நின்றது. தீக்குச்சி மூன்று இருந்தன. மூன்றும் பற்றவில்லை. நரம்பில் அரை வாளித் தண்ணீரைக் கட்டித் தூக்கினேன். அறுந்து என் கால் மேல் கொட்டியது.

முள்ளை வைத்துக்கொண்டு கூடத்தில் சுற்றி வந்தேன். எங்கே நின்றாலும் தறியைக் காட்டியது. தறி இருந்தது மேற்கில். தறி மேல் இருந்த, சேலையில் பூ விழ வைக்கும் ஜக்கார்டு பெட்டியின் இரும்பு இழுக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு அதையும் தோல்வியில் சேர்த்தேன்.

புதன்கிழமை தக்காளி நசுங்கியது.

"அருவாமணை எதுக்குடி இருக்குது?" என்றாள் அம்மா.

கொடிக்கயிறும் அறுபடவில்லை. ஆனால் கயிறு தடிமன். ஒரு கத்தியை அநியாயமாகத் தோற்கடிக்கக் கூடாது. கடைசியாக நூலில் பார்த்துவிடலாம் என்று வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் அப்பா சேலையை அறுத்து எடுத்துக்கொண்டு முதலாளி கடைக்குப் போயிருந்தார். சேலையை அறுத்தாலும் கடைசி முழம் பட்டு இழைகளைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். அடுத்த சேலைக்கான பாவின், அதாவது நீளவாக்கு நூலின், இழைகளை அந்த வால்களோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்து இழுத்தால் புதுப்பாவு தானாகத் தறிக்குள் வந்துவிடும். அந்த வால்கள் உருவிக்கொண்டால் எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து, தறியில் இருக்கும் ஊசிக்காது மாதிரியான கண்களில் கண் கண்ணாகக் கோக்க வேண்டும். நெசவுக்கார வீட்டுப் பெண், எனக்குத் தெரியாதது இல்லை. நுனியில் ஒரு சிட்டிகை மட்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

அலகு அறுக்கவில்லை. கத்தியைத் திருப்பி ரம்பப் பக்கத்தை வைத்தேன். பல்லில் பட்டு மாட்டிக்கொண்டது. விடுவிக்க இழுத்தேன். இன்னும் மாட்டியது. பலமாக இழுத்தேன். ஒரு பக்கத்து இழைகள் பாதிக்கு மேல் உருவிக்கொண்டு கத்தியோடு என் கைக்கு வந்துவிட்டன. ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

அப்பா வந்தார். பின்னாலேயே மாமாவும் வந்தார். நான் ஓடவில்லை. பட்டு தொங்கும் கத்தியை நீட்டிச் சொன்னேன்.

"இது மோசம் மாமா. நூல்கூட அறுக்கல. போவாத. செத்துப்பூடுவ."

அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. அப்பா தறியைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"இதை எடுத்துக்கினுதான் நீ காட்டுக்குப் போறியாடா?"

மாமா கத்தியை வாங்கி, பல்லிலிருந்து பட்டு இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வெகு நேரம் எடுத்தார்.

"பின்னால போய் உக்காரு" என்றார் அப்பா.

மாமா தறிக்குப் பின்னால், பாவு வரும் பக்கம் உட்கார்ந்தார். அப்பா முன்பக்கம் கொக்கியோடு உட்கார்ந்தார். ஒருவர் இழையை எடுத்து நீட்ட, மற்றவர் கண்ணுக்குள் கொக்கியை விட்டு வாங்க வேண்டும். நடுவில் தறி. முகம் பார்க்காமல் செய்ய முடியாத வேலை அது.

"குடு."

"இந்தா மாமா."

"ரெண்டு வந்துடுச்சி பாரு. குருடா?"

"உங்க கொக்கி வளைஞ்சிக்கினு இருக்குது, என்னைச் சொல்றீங்க."

வெள்ளிக்கிழமை அப்படியே போயிற்று. நான் மாமாவின் பையைப் பார்த்தேன். ஆணியில் காலியாகத் தொங்கியது.

நாலு வீடு தள்ளி ஒருவர் இருந்தார். இழை கோப்பதும் பாவு சேர்ப்பதும்தான் அவர் தொழில். இந்த வேலையை ஒரே நாளில் முடிப்பார். சனிக்கிழமை காலை எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேன் இல்ல?"

அப்பா தலையை நிமிர்த்தவில்லை.

"வேணாம்பா. ஆள் இருக்குது."

மாமா அடுத்த இழையை நீட்டினார்.

வருகிற ஆளை அப்பா ஏன் அனுப்புகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போய் ரெண்டு பேருக்கும் டீ வாங்கியா" என்றாள்.

தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். கத்தி மோசம் என்று கண்டுபிடித்து மாமாவை நிறுத்தியது நான்தான் என்ற நினைப்பு எனக்கு.