எழுந்து நில்லுங்க

மரங்களை வெட்டிச் சாலையில் போட்டுக்கொண்டிருந்த இட ஒதுக்கீட்டுப் போராட்டக் காலம். கச்சிராயபாளையம் பஸ் வந்தால் முழு வகுப்பு, வராவிட்டால் பாதி வகுப்பு. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்காலர்ஷிப் அறிவிப்பு வந்தால் ஆசிரியர் அதை வகுப்பில் படித்துவிட்டு, "எஸ்.சி., எஸ்.டி. எல்லாம் எழுந்து நில்லுங்க" என்பார். தலைகளை எண்ணுவார். போராட்டம் தொடங்கியபின், நிற்பவர்களை மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. பின் பெஞ்சிலிருந்து "கோட்டா" என்று ஒரு குரல் வேறு. மலைமேல் கரியாலூரிலிருந்து வந்த முதலாண்டு மாணவி ஒருநாள் எழவே இல்லை. ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டால் அவளுக்கு ஹாஸ்டல் இல்லை, படிப்பும் இல்லை.

"அப்படி நிக்கறதுக்கு வூட்டுக்கே போயிடறேன் மேடம்" என்றாள், நான் தனியாகக் கேட்டபோது. மறுநாளே பெட்டியோடு மலையேறிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆசிரியர் கூட்டத்தில் கேட்டே விட்டேன். எங்கள் மூத்த பேராசிரியர் நல்ல மனிதர்தான். என்ன, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் அவருக்கு.

"இதுல இன்னாம்மா தப்பு? சர்க்கார் குடுக்குது, வாங்கிக்கினு போகட்டும்."

"சரிங்க சார். நம்மள்ல ஒதுக்கீட்டுல வேலைக்கு வந்தவங்க எழுந்து நிப்போம். யாராவது எண்ணுங்க" என்று சொல்லி நான் எழுந்தேன்.

வேறு யாரும் எழவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒருவர் ஜன்னல் வழியே வராத பஸ்ஸைத் தேடினார்.

கடைசியில் மூத்தவர், "ஒக்காரும்மா. நானும் பி.சி.ல வந்தவன்தான். எழுந்திரிக்க மனசு வர்ல" என்றார். அன்றோடு அந்த வழக்கம் நின்றது. வேண்டியவர்கள் ஆபீசில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றானது. பின் பெஞ்சுக் குரலைப் பற்றி வகுப்பில் பேசும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

பஸ் மறுபடி ஓடிய முதல் நாள் கரியாலூர் போனேன். சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க ஒருத்தர்தான் நின்னீங்களா மேடம்?"

"ஆமா."

"எப்படி இருந்துச்சு?"

தைரியமாக ஏதாவது சொல்லப் பார்த்தேன். உண்மைதான் வந்தது.

"காலு நடுங்கிச்சும்மா. எப்படா ஒக்காருவோம்னு ஆயிடுச்சு."

"எனக்கு மட்டுந்தான் அப்படின்னு நெனச்சிக்கினு இருந்தேன் மேடம்" என்றாள்.

கைமண்ணைத் தட்டிவிட்டு, பெட்டியை எடுக்க வீட்டுக்கு நடந்தாள்.